பழைய டீசல் பிக்கப்பில் புரொப்பேன் அளவைச் சரியாக வைப்பது எப்படி

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரெய்லர் இழுக்கும் டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்புகளில் 1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஷ் பி7100 டீசல் பம்பு, 17.5-க்கு 1 கம்ப்ரஷன், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். எரிபொருளைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதில்லை. ஏற்றத்தில் கூடுதல் இழுவை வேண்டும் என்று இந்த எஞ்சினில் புரொப்பேன் காஸைச் செலுத்தும் கிட்டைப் பலர் பொருத்துகிறார்கள். பொருத்துவது ஒரு நாள் வேலை. சரியாக அமைப்பதற்கு அதைவிட அதிக நேரமும் பொறுமையும் வேண்டும். பிஸ்டன் உருகுவதும் ஹெட் கேஸ்கட் போவதும் பெரும்பாலும் அமைப்பில் நடக்கும் தவற்றால்தான்.

புரொப்பேன் காற்றோடு சேர்ந்து டர்போ வழியாக எஞ்சின் சிலிண்டருக்குள் போகிறது. தானாகப் பற்ற அதற்கு சுமார் 470 டிகிரி செல்சியஸ் வேண்டும். டீசலுக்கு அதில் பாதி போதும். அதனால் டீசல் முதலில் பற்றி, சுற்றியுள்ள காற்றோடு கலந்திருக்கும் புரொப்பேனைப் பற்ற வைக்கிறது. டீசல் துளித் துளியாக எரியும். புரொப்பேன் கலந்த காற்றோ ஒரே வீச்சில் எரியும். இழுவை கூடுவதும் இதனால்தான், அளவு மிஞ்சினால் எஞ்சின் உடைவதும் இதனால்தான். ஆகவே இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: நிமிடத்துக்கு எத்தனை கிராம் காஸ்? அது எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

எந்த வண்டிக்கு, எந்த காஸுக்கு

கீழே உள்ள எண்கள் மேலே சொன்ன எஞ்சினுக்கு, பம்பும் டைமிங்கும் (டீசல் தெளிக்கும் நேரம்) கம்பெனி அளவில் இருக்கும்போது பொருந்தும். சைலன்சர் குழாயில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உள்ள பிந்தைய வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள். எரியாமல் வெளியேறும் புரொப்பேன் அங்கே உள்ள கேட்டலிஸ்டில் எரிந்து வடிகட்டியை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அமெரிக்கக் கூட்டாட்சியின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைக் குலைப்பதைத் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவில் கிட்டுக்கு அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். வாங்கும் முன்பே கேளுங்கள்.

காஸ் எச்.டி.-5 தரமாக இருக்கட்டும். அதில் குறைந்தது 90 சதவீதம் புரொப்பேன், அதிகபட்சம் 5 சதவீதம் புரொப்பிலீன். புரொப்பிலீன் கூடினால் நாக்கிங், அதாவது கலவை நேரம் தவறித் தானே வெடித்து எரிவது, சீக்கிரம் வரும்.

தமிழ்நாட்டில் லாரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுச் சிலிண்டரைத் தூக்கி வண்டியில் வைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதோடு நம் சமையல் எல்.பி.ஜி.யில் பியூட்டேன் நிறையக் கலந்திருக்கும். பியூட்டேன் நாக்கிங்கைத் தாங்கும் அளவு குறைவு, அழுத்தமும் குறைவு. 20 டிகிரியில் தனிப் புரொப்பேன் 107 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் தரும், தனிப் பியூட்டேன் 15 பி.எஸ்.ஐ.தான் தரும். காஸின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் துளைக்கு இங்கே தரும் அளவுகள் எதுவும் அந்தக் காஸுக்குப் பொருந்தாது.

எவ்வளவு காஸ் போகலாம்

2000 ஆர்.பி.எம்., 15 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்). ஏற்றத்தில் டிரெய்லரோடு போகும் நிலை இது. அப்போது 5.9 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 கிலோ காற்றை உள்ளிழுக்கும். முழுச் சுமையில் டீசல் நிமிடத்துக்கு 400 கிராம் அளவில் போகும். எடைக்கு எடை புரொப்பேனில் டீசலைவிடச் சற்றே அதிகச் சக்தி உண்டு. மொத்தச் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைப் புரொப்பேன் தர வேண்டுமானால் நிமிடத்துக்கு 95 கிராம் போதும். அதுதான் உச்சம். தினசரி ஓட்டத்துக்கு 70 முதல் 75 கிராம் போதும். அதிலேயே 25 முதல் 30 குதிரைத் திறன் கூடும்.

காற்றில் 2.1 சதவீதத்துக்குக் கீழே புரொப்பேன் எரியாது என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, "2 சதவீதம் வரை ஆபத்தில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எண் சாதாரண வெப்பத்துக்கும் சாதாரண அழுத்தத்துக்கும் மட்டுமே. கம்ப்ரஷன் முடியும் நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். 95 கிராம் என்பது கொள்ளளவில் அரை சதவீதம்தான். குழாய்க்குள் எரியாது, சிலிண்டருக்குள்ளும் டீசல் வரும்வரை காத்திருக்கும். அதனால்தான் இவ்வளவு இடைவெளி விட்டு நிற்கிறோம். டைமிங்கை முன்னே தள்ளிய எஞ்சினுக்கு இந்த உச்சமும் பொருந்தாது. அதில் பாதியோடு நிறுத்துங்கள்.

முதலில் டீசல் பக்கம்

சோர்ந்த எஞ்சினைப் புரொப்பேன் தூக்கி நிறுத்தாது. ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் இடைவெளியைப் பாருங்கள்: இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயை அடைத்து 20 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, இன்டர்கூலர் ரப்பர் ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். டீசல் மட்டும் ஓடும்போது அங்கே வரும் லீக் இழுவையைக் குறைக்கும், அவ்வளவுதான். புரொப்பேன் ஓடும்போது அதே லீக் எஞ்சின் அறைக்குள் காஸைக் கக்கும்.

இன்ஜெக்டர் ஒன்று சொட்டினால் அந்தச் சிலிண்டர்தான் முதலில் நாக்கிங் அடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 47ஆர்.ஹெச்., 47ஆர்.இ. கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டர் லாக்கப் கிளட்ச் பலவீனமானது. அது ஏற்கெனவே வழுக்கினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு மீட்டர்கள் கட்டாயம்: பூஸ்ட் கேஜ், எக்ஸாஸ்ட் புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர். பைரோமீட்டரின் கே வகைத் தெர்மோகப்பிளை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பொருத்துங்கள். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் சுமையில் 200 முதல் 300 ஃபாரன்ஹீட் குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஓட்டினால் பிஸ்டன் போகும்.

குழாய், வால்வு, நாசில்

காஸ் சிலிண்டர் வண்டியின் பின் தட்டில், நிமிர்ந்த நிலையில், உலோகப் பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். கேபினுக்குள் ஒருபோதும் கூடாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான காஸ் தரையில் தங்கும். லீக் ஆனால் காலடியில்தான் சேரும். இந்த வகைக் கிட்டுக்கு ஆவியாகக் காஸ் எடுக்கும் சிலிண்டர் வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டர் திரவமாகத் தரும். அதை அப்படியே மாட்டினால் ரெகுலேட்டர் உறைந்து, ஜெட் வழியே கணக்கில்லாமல் காஸ் பாயும்.

கிரில் அடுப்பு ஹோஸை வெட்டி ஒட்டாதீர்கள். அதன் பிளாஸ்டிக் கைப்பிடி நட்டுக்குள் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் தடுப்பு இருக்கிறது. வேகமாக எடுத்தால் அது மூடிக்கொள்ளும். எல்.பி. காஸுக்கென்றே செய்த, 350 பி.எஸ்.ஐ. தாங்கும் ஹோஸ் வாங்குங்கள். காஸ் சிலிண்டர் வால்வில் மாட்டும் பி.ஓ.எல். இணைப்பு இடது மரை: இடப்பக்கம் திருப்பினால் இறுகும். உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைக்கும் இணைப்பு அது. டேப் சுற்ற வேண்டாம். மற்ற மரைகளுக்கு காஸ் வேலைக்குரிய பேஸ்ட் போதும்.

கரன்ட் வந்தால் திறந்து, நின்றால் மூடும் சோலனாய்டு வால்வுகள் இரண்டு வேண்டும்: ஒன்று காஸ் சிலிண்டர் பக்கம், மற்றொன்று காஸைக் காற்றுக் குழாயில் விடும் நாசிலிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். 8 மி.மீ. உள்விட்டமும் 4 மீட்டர் நீளமும் உள்ள ஹோஸில் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் காஸ் தங்கியிருக்கும். நிமிடத்துக்கு 75 கிராம் என்றால் அது கிட்டத்தட்ட ஒரு விநாடிக்கான அளவு. பின்னால் மட்டும் வால்வு இருந்தால், காலை எடுத்த பின்னும் எஞ்சினுக்குக் காஸ் வந்துகொண்டே இருக்கும். கியர் மாற்றும்போது எஞ்சின் உறுமி மேலே போவதற்கு இதுதான் காரணம்.

நாசில் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில், டர்போ வாயிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி, குழாயின் நடுவை நோக்கி இருக்கட்டும். டர்போ சக்கரம் காஸையும் காற்றையும் நன்றாகக் கலக்கிவிடும். இன்டர்கூலருக்குப் பின்னால் வைத்தால் கலப்பு சீராகாது. எஞ்சினின் ஒரு சிலிண்டருக்கு அதிகமும் மற்றதற்குக் குறைவும் போகும்.

இந்த எஞ்சினில் ஒரு தனி ஆபத்து உண்டு. குளிர்ந்த நாளில் சாவி போட்டதும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள கிரிட் ஹீட்டரின் தகடுகள் செக்கச் சிவக்கச் சூடாகும். சோலனாய்டின் சீட்டில் ஒரு துளி தூசி சிக்கி, இரவெல்லாம் காஸ் கசிந்து குழாயில் நிறைந்திருந்தால், காலையில் சாவியைத் திருப்பும் அந்த நொடி வெடிக்கும். அதனால் சிலிண்டர் பக்கச் சோலனாய்டுக்கு முன்னால் ஃபில்டர் வையுங்கள். வண்டியை நிறுத்தும்போது சிலிண்டரின் கை வால்வைத் திருகி மூடுங்கள். எஞ்சின் தண்ணீர் 70 டிகிரி தாண்டிய பிறகே காஸ் ஓடும்படி ஒரு சூட்டுச் சுவிட்சையும் சேருங்கள். தொடக்கத்துக்கு ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

லீக் பார்க்கும் முறை: எல்லாம் இறுக்கிய பின் சிலிண்டரைத் திறந்து, பின்பக்கச் சோலனாய்டுக்கு மட்டும் நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள், முன்னது மூடியிருக்கட்டும். ஹோஸில் அழுத்தம் ஏறியதும் சிலிண்டரை மூடுங்கள். கேஜ் 10 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பெரிய லீக் உடனே நுரைக்கும். சின்ன லீக்கில் ஒரு நிமிடம் கழித்துக் கடுகளவு குமிழ் ஒன்று மெல்ல உப்பும், உடையும், அதே இடத்தில் மறுபடி உப்பும். அதற்காகக் காத்திருங்கள்.

காஸை நிறுத்தும் சங்கிலி

டீசல் எஞ்சினில் காற்றை மூடும் த்ராட்டில் கிடையாது. பம்பின் கவர்னர் டீசலை வெட்டும், புரொப்பேனை வெட்டாது. சாவியை அணைத்தால் டீசல் நிற்கும். காஸ் நிற்க நாம்தான் வழி செய்ய வேண்டும். ஆகவே கீழே உள்ள எல்லாம் ஒரே தொடரில் வர வேண்டும். எது ஒன்று விட்டாலும் சோலனாய்டுகள் மூட வேண்டும்:

சாவி 12 வோல்ட் → 5 ஆம்ப் ஃபியூஸ் → டேஷ்போர்டில் கைச் சுவிட்ச் → ஆயில் அழுத்தச் சுவிட்ச் → தண்ணீர்ச் சூட்டுச் சுவிட்ச் → பெடல் மைக்ரோ சுவிட்ச் → பூஸ்ட் சுவிட்ச் → ரிலே → இரண்டு சோலனாய்டுகள்.

ஆயில் அழுத்தச் சுவிட்ச் எதற்கு? விபத்தில் எஞ்சின் நின்று சாவி போட்டபடியே இருந்தாலும் காஸ் நிற்க வேண்டும் என்பதற்கு. சோலனாய்டுக்குக் கரன்ட் வரும்போது எரியும் ஒரு சிறு விளக்கை டேஷ்போர்டில் வையுங்கள். பின்னால் அளவெடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

பெடல் சுவிட்சை ஆக்சிலேட்டர் முக்கால் பங்கு அழுத்தியபின் சேரும்படி வையுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது, ஆயில் சுவிட்ச், சூட்டுச் சுவிட்ச், பூஸ்ட் சுவிட்ச் மூன்றையும் தற்காலிகமாக ஜம்பர் வயரால் இணைத்து, சிலிண்டரை மூடி வைத்து, பெடலை மெல்ல விட்டுப் பாருங்கள். பாதம் கால் அங்குலம் பின்வாங்குவதற்குள் சோலனாய்டு "டக்" என்று விழுவது காதில் கேட்க வேண்டும். சரிபார்த்ததும் ஜம்பர்களைக் கழற்றுங்கள். ஒன்றைக்கூட மறந்து விட்டுவிடக் கூடாது, எண்ணி எடுங்கள்.

பூஸ்ட் சுவிட்சை வண்டியில் வைத்து ஊகத்தில் திருகாமல் மேஜையில் சரிசெய்யுங்கள். கம்ப்ரஸரில் சிறு ரெகுலேட்டரும் 30 பி.எஸ்.ஐ. கேஜும் மாட்டி, சுவிட்சின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். மீட்டர் கத்தும் புள்ளி 6 பி.எஸ்.ஐ. ஆக வர வேண்டும். பிறகு இறக்குங்கள், 4-க்குக் கீழே போகும்வரை கத்திக்கொண்டே இருந்தால் சுவிட்சை மாற்றுங்கள். ஏன் 6? அதற்குக் கீழே சுமை குறைவு, டீசலும் குறைவு. அப்போது உள்ளே போகும் மெலிந்த கலவையில் புரொப்பேனில் கணிசமான பங்கு எரியாமலேயே சைலன்சர் வழி வெளியேறும். காஸ் வீண், கண்ணை எரிக்கும் நாற்றம், இழுவையும் இல்லை.

அழுத்தமும் ஜெட்டும்

ஊசி வால்வைவிடத் துளையிட்ட பித்தளை ஜெட் நல்லது. ஊசி வால்வு அதிர்வில் நகரும். நேற்று வைத்த அளவு இன்று இருக்காது. ஜெட்டின் மேல் பொறித்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சில நிறுவனங்கள் விட்டத்தைப் பொறிக்கின்றன, சில ஓட்டத்தை. துளைக்குள் பின் கேஜ் விட்டுப் பாருங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை விளிம்பில் பித்தளைப் பிசிறு இருக்கிறதா என்பதும் தெரியும். முடியளவு பிசிறு ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

ரெகுலேட்டரை 30 பி.எஸ்.ஐ.யில் வையுங்கள். அங்கே ஒரு வசதி உண்டு. ஜெட்டுக்கு வெளியே உள்ள அழுத்தத்தைப் போல் உள்ளே கிட்டத்தட்ட இரு மடங்கு இருந்தால், துளையில் காஸ் ஒலி வேகத்தை எட்டிவிடும். அதன் பின் வெளி அழுத்தம் சற்று ஏறி இறங்கினாலும் ஓட்டம் மாறாது. டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய் காற்றழுத்தத்திலேயே இருப்பதால் 30 பி.எஸ்.ஐ. இதற்குத் தாராளம். அந்த அழுத்தத்தில் 27 டிகிரி வெப்பத்தில் சுமாராக வரும் ஓட்டம்:

1.0 மி.மீ. – நிமிடத்துக்கு 33 கிராம்
1.2 மி.மீ. – 47 கிராம்
1.4 மி.மீ. – 65 கிராம்
1.5 மி.மீ. – 74 கிராம்
1.7 மி.மீ. – 95 கிராம்

விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஓட்டம் கூடும், 0.1 மி.மீ. மாற்றம்கூடச் சின்னதல்ல. அழுத்தத்தைக் குறைத்து அளவைக் குறைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேஜில் 30-ஐ 15 ஆக்கினால் ஓட்டம் பாதியாகாது. காற்றழுத்தம் 14.7-ஐயும் சேர்த்துத்தான் கணக்கு: 44.7 என்பது 29.7 ஆகிறது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. பாதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பெரிய ஜெட்டைப் போடுவது வழக்கமான தவறு.

சாலையில்

ஒரே ஏற்றம், ஒரே சுமை, ஒரே கியர், ஒரே நாள். 5 முதல் 6 சதவீத ஏற்றமும் மூன்று நான்கு நிமிடம் நீடிக்கும் நீளமும் வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்களை எழுத வேண்டும். ஓட்டுபவர் கேஜைப் பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

முதல் ஓட்டம் டீசல் மட்டும். 2000 ஆர்.பி.எம்.மில் பூஸ்ட், பைரோமீட்டர், மணிக்கு 40 மைலிலிருந்து 55 மைல் வர எடுத்த விநாடிகள் மூன்றையும் குறியுங்கள். டீசலிலேயே பைரோமீட்டர் 1,200 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அங்கேயே நிறுத்துங்கள், காற்று போதவில்லை. காஸ் சேர்த்தால் இன்னும் ஏறும்.

இரண்டாவது ஓட்டம் 1.0 மி.மீ. ஜெட்டோடு. விளக்கு எரியும் நேரத்தில் ஜன்னலைச் சற்று இறக்கிக் காது கொடுங்கள். சரியான அளவில் டீசலின் கடகட சத்தம் சற்று மென்மையாகும். பூஸ்ட் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூடும், கரும்புகை குறையும். பிறகு 1.2, 1.3, 1.4, 1.5. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு ஓட்டம், நடுவில் எஞ்சின் ஆற இடைவெளி.

நிறுத்த வேண்டிய அடையாளங்கள் மூன்று. பைரோமீட்டர் 1,250 ஃபாரன்ஹீட், அதாவது 677 டிகிரி செல்சியஸ். அலுமினியம் 660-இல் உருகும். தண்ணீரும் ஆயிலும் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் தப்பிக்கிறது. இரண்டாவது, சத்தம்: கடகடவுக்கு மேலே, பட்டறைக் கல்லில் சுத்தி விழுவது போலக் கூர்மையாகக் "கிண் கிண்" என்று கேட்டால் நாக்கிங். ஒரு முறை கேட்டாலும் போதும், உடனே காலை எடுங்கள், இரண்டு படி சின்ன ஜெட்டுக்கு இறங்குங்கள். மூன்றாவது, ஜெட்டைக் கூட்டியும் நேரம் குறையவில்லை என்றால், கூட்டிய காஸ் எரியவில்லை அல்லது கிளட்ச் வழுக்குகிறது. முந்தைய ஜெட்டுக்கே திரும்புங்கள்.

தராசில் போட்டுப் பார்ப்பது

மேலே தந்த கிராம் கணக்கு சுமாரானது. உங்கள் வண்டியின் உண்மையைத் தராசு சொல்லும். 10 கிராம் வரை காட்டும் மேடைத் தராசு வேண்டும். ஓட்டத்துக்கு முன் சிலிண்டரைக் கழற்றி எடையுங்கள். விளக்கு எரியும் விநாடிகளை மட்டும் ஸ்டாப்வாட்சில் கூட்டுங்கள். மொத்தம் நான்கு நிமிடமாவது வர வேண்டும். திரும்பி வந்ததும், சிலிண்டரின் மேல் படிந்த ஈரத்தையும் பனியையும் துடைத்துவிட்டு மறுபடி எடையுங்கள். துடைக்காவிட்டால் அந்த ஈரமே ஐம்பது கிராம் பொய் சொல்லும். முன்பு 17.36 கிலோ, பின்பு 17.06 கிலோ, நான்கு நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 75 கிராம். 95-ஐத் தாண்டியிருந்தால், வண்டி எவ்வளவு நன்றாக இழுத்தாலும் ஜெட்டைக் குறையுங்கள்.

குளிரும் உயரமும்

காஸ் ஆவியாக வேண்டிய சூட்டைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 95 கிராம் எடுத்தால் நிறைந்த 20 பவுண்டு சிலிண்டர் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் குளிரும். பாதி காலியான சிலிண்டர் இரண்டு டிகிரி வரை. திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவரை வெளியே பனி படரும், மேலே உலர்ந்திருக்கும். உள்ளே எவ்வளவு மீதி என்பதைக் கையால் தடவியே சொல்லலாம். புரொப்பேனின் அழுத்தம் 38 டிகிரியில் சுமார் 175 பி.எஸ்.ஐ., 20-இல் 107, 0-இல் 54, மைனஸ் 20-இல் 21. கடைசி எண்ணைப் பாருங்கள்: ரெகுலேட்டரில் 30 வைத்திருக்கிறோம், சிலிண்டரே 21தான் தருகிறது. கனடாவின் குளிர்காலத்தில் காஸ் இழுக்கவில்லை என்று பெரிய ஜெட் போட்டுவிட்டு, வசந்தத்தில் அதை மறந்து பிஸ்டனைத் தொலைக்க வேண்டாம். பெரிய சிலிண்டருக்கோ, எஞ்சின் தண்ணீரால் சூடாகும் வேப்பரைசருக்கோ மாறுவதுதான் வழி.

மலைக்குப் போனால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசனோவர் சுரங்கம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ரெகுலேட்டர் தரும் காஸோ பத்தில் ஒரு பங்குதான் குறையும். காற்றுக் குறைய, காஸ் அப்படியே இருக்க, விகிதம் ஏறிவிடும். பைரோமீட்டரும் கூடவே ஏறும். கடல்மட்டத்தில் 1.5 மி.மீ. ஜெட் வைத்து அமைத்த வண்டிக்கு அந்த ஏற்றத்தில் 1.2 போதும். ஜெட் மாற்ற மனமில்லை என்றால் கைச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள்.

கோளாறும் காரணமும்

விளக்கு எரிகிறது, காஸ் வரவில்லை: ஃபில்டர் அடைப்பு, கிரில் நட்டின் தடுப்பு, அல்லது சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்ததால் மூடிக்கொண்ட தடுப்பு. மூடி, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாகத் திறங்கள்.

இழுவை விட்டு விட்டு வருகிறது: பூஸ்ட் சுவிட்சின் எல்லையிலேயே ஓட்டுகிறீர்கள், அல்லது ரெகுலேட்டருக்குள் ஈரம் உறைகிறது. ரெகுலேட்டரின் மேல் வெள்ளைப் பனி படிந்திருந்தால் இரண்டாவது காரணம்.

காலை எடுத்தும் ஆர்.பி.எம். இறங்கவில்லை: முன் சோலனாய்டின் சீட்டில் தூசி, அல்லது பெடல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது. கைச் சுவிட்சை அணையுங்கள். பெரிய கியரில் பிரேக் பிடித்து எஞ்சினை அமுக்குங்கள். சரிசெய்யும்வரை சிலிண்டர் மூடியே இருக்கட்டும்.

நின்றிருக்கும் வண்டியில் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்: எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், சாவியும் போடாதீர்கள். சிலிண்டரை மூடி, பானெட்டைத் திறந்து, காற்றோட்டமாக விடுங்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டர்போ வாயையும் திறந்துவையுங்கள். நாற்றம் முழுக்கப் போய், கசிந்த இடமும் தெரிந்த பிறகே ஸ்டார்ட்.

ரேடியேட்டரில் குமிழ், ஓவர்ஃப்ளோ பாட்டிலில் தண்ணீர் தள்ளுதல்: ஹெட் கேஸ்கட் பிடி விடத் தொடங்கிவிட்டது. காஸை நிறுத்திவிட்டு ஹெட்டைப் பாருங்கள்.

அமைப்பு முடிந்தபின் முதல் 500 மைலில் எல்லா மூட்டுகளுக்கும் மறுபடி சோப்புத் தண்ணீர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூஸ்ட் சுவிட்சை மேஜையில் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்து 6 என்பது 4-க்கு இறங்கியிருக்கும். ரெகுலேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்தால், காஸோடு வரும் கனமான எண்ணெய் பழுப்பு நிறத்தில் சொட்டும். அது ஒரு கரண்டிக்கு மேல் இருந்தால் டயாஃப்ரத்தைக் கழற்றித் துடைத்து, விரிசல் பார்த்து மாட்டுங்கள். சிலிண்டரை நிரப்பும்போது 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப விடாதீர்கள். வெயிலில் திரவம் விரிய அந்த இடம் வேண்டும்.